ஓடுதளத்தில் கிடந்தவை

1

இந்தக் கதை ஒரு கொண்டை ஊசியில் பிறந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமாம். பூங்கா வேண்டாம், கோயில் வேண்டாம், கடற்கரையில் ஊரே எடுத்தாகிவிட்டது. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது, விமானம் இல்லாத நேரத்தில் வாடகைக்கு விடுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒற்றைக்காலில் நின்றார்கள். நானும் தொற்றிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை ஓடிவருவதும், பெண் துப்பட்டா பறக்கத் திரும்பிப் பார்ப்பதும், ஒரே கூத்து.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு பெண் வந்து தரையில் மண்டியிட்டாள். கல்யாணப் பெண்ணின் தலையிலிருந்து விழுந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணிப்பையில் போட்டாள். "ஒரு ஊசி கெடந்தா போதுங்க. என்ஜினு உள்ள இழுத்துக்கும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏதாச்சும் போட்டுட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"நான் எதைம்மா போடப்போறேன்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் காலைச் சுற்றி ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேசைதான் எழுத்து மேசை. வீட்டுக்காரர் மைன்ஸுக்கு ஷிஃப்ட் போன பிறகு அது என் ராஜ்ஜியம்.

[இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நிஜமான ஓடுதளத்தில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. கதையில் வரும் தளம் நான் கட்டியது. வேலி, கடை, ஆட்கள், விமானம் எல்லாம் என் கைச்சரக்கு. இதை நம்பி யாரும் போய் டிக்கெட் கேட்காதீர்கள்.]

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. மூன்று எழுதினேன். நான் பேனாவில் எழுதுகிறவள். பிடிக்காததைக் கிழித்துப் போடமாட்டேன். குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே போவேன். கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

(அ) [அடித்தது] முதல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியபோது ஓடுதளத்தின் நடுவில் ஒரு வெள்ளாடு, காதில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது, மேய்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில்

பாதியிலேயே அடித்தேன். சின்ன ஊர் விமான நிலையம் என்றதும் ஆட்டைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.

(ஆ) [அடித்தது] வேணு எலுமிச்சை சாதத்தைக் கிளறி நீல மூடி டிபன் பாக்ஸில் போட்டு அமுக்கினான்.

"இன்னிக்காவது உப்பு அளவா இருக்குமா?" என்றாள் அன்புக்கரசி, ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே.

"துன்னுப் பாத்துட்டு சொல்லு."

"நேத்து துன்னுட்டு நாள் பூரா தண்ணியா குடிச்சிகினு இருந்தேன்."

"தண்ணி குடிக்கறதுக்குத்தான் உப்பு போடறது. ஒடம்புக்கு நல்லது" என்றான் அவன். இரண்டாம் ஷிஃப்டுக்குச் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட் வேலைக்குப் போகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. காலையில் சமையல் அவன் பொறுப்பு. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கிளம்பினான். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ரோடு பனியில் கிடந்தது. அவள் கன்னத்தை அவன் முதுகில் வைத்துக்கொண்டாள். தளத்தின் கேட்டில் இறக்கிவிட்டு, "பாத்து இரு" என்றான். அவள் உள்ளே போகும்வரை வண்டியைத் திருப்பவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு. இப்படி ஒரு புருஷன் இருந்தால் அவளுக்கு என்ன கதை இருக்கிறது? கொஞ்சம் பயமாக ஏதாவது எழுத ஆசைப்பட்டேன். தனியாக இருக்கிற பெண்ணைப் பயமுறுத்துவது சுலபம். வேணுவுக்கு மேல் ஒரு கோடு இழுத்தேன். பேனா ஒரு விநாடி கூடத் தயங்கவில்லை.

(இ) ஓடுதளத்தில் காலை நடை இன்னும் தொடங்கவில்லை. அன்புக்கரசி பனிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதுதான் சரி என்று தோன்றியது. இதிலிருந்து மேலே போனேன்.

3

கதைக்குள் தளத்துக்கு இன்னும் தினசரி விமானம் வரத் தொடங்கவில்லை. எப்போதாவது ஒரு சின்ன விமானம் இறங்கும். சீக்கிரம் சோதனை விமானம் வரும், அது ஒழுங்காக இறங்கினால் அப்புறம் தினமும் வரும் என்று பேச்சு. அன்புக்கரசி தரைப் பாதுகாப்புக்குப் பொறுப்பு. காலையில் ஆட்கள் ஓடுதளத்தின் அகலத்துக்கு வரிசையாக நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார்கள். கண்ணில் பட்டதெல்லாம் பைக்குள் போகும். கடைசியில் அன்புக்கரசி வாக்கி-டாக்கியில் "கிளியர்" என்று சொன்னால்தான் தளம் தளம். அதுவரை அது வெறும் ரோடு.

அன்று மார்கழிப் பனி. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. வரிசையில் அன்புக்கரசிக்குப் பக்கத்தில் நாகம்மாள் நடந்தாள். வயதில் மூத்தவள், வாய் ஓயாதவள்.

"அன்பு, இங்க பாரேன். ஆட்டுப் புழுக்கை."

"வேலிய சுத்திப் பாத்தாச்சேக்கா. ஒரு ஓட்டை இல்ல."

"அப்ப இது வானத்துலேருந்து வந்துச்சா?"

பனி விலகின இடத்தில் ஒரு வெள்ளாடு நின்றது. காதில் சிவப்புக் கயிறு. இரண்டு பேரும் விரட்டினார்கள். அது ஓடுதளத்தின் ஓரத்து வெள்ளைக் கோடு வரை ஓடும், கோட்டை மிதிக்காது, திரும்பி உள்ளேயே வரும். பிறகு பனிக்குள் போனது. அப்புறம் அதைக் காணோம்.

கொஞ்சம் தள்ளி அன்புக்கரசியின் காலில் ஏதோ இடித்தது. நீல மூடி போட்ட டிபன் பாக்ஸ். குனிந்து எடுத்தாள். சூடாக இருந்தது.

இந்த இடத்தில் என் பேனா நின்றது. நம்பினால் நம்புங்கள், நான் எழுத நினைத்தது ஒரு துருப்பிடித்த போல்ட். கை எழுதியது டிபன் பாக்ஸ். ஆட்டை மட்டும் பார்த்திருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன்.

அன்புக்கரசி மூடியைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். கீழே கிடந்ததை வாயில் வைக்கக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவளே அவள்தான். இருந்தும் ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பு கரித்தது. அவளுக்குப் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது.

"ஏ பொண்ணே, இன்னாச்சி?"

"தெரிலக்கா. உப்பு சாஸ்தியா இருக்குது."

"அதுக்கா அழுவாங்க?" என்றாள் நாகம்மாள்.

4

இப்போது சைமன்ராஜ் வரவேண்டும். தளத்தின் வணிகப் பொறுப்பாளன். கல்யாணப் படப்பிடிப்பு, விளம்பரப் பலகை, கார் நிறுத்துமிடம், முந்திரிக் கடை, பலாப்பழ சிப்ஸ் கடை, எல்லாவற்றுக்கும் இடம் விடுகிறவன் அவன்தான். அவனைத்தான் வில்லனாக வைத்திருந்தேன். காரணமும் ரெடி. படப்பிடிப்புக்காரர்களுக்குச் சூரியன் எழும் வெளிச்சம் வேண்டும். அதனால் முதலில் நடை, பிறகு படப்பிடிப்பு, அதற்கப்புறம் விமானம் என்று ஒரு வழக்கம் பண்ணிவைத்திருந்தான். பெருக்கிவிட்டுப் பந்தல் போடுகிற மாதிரி. படப்பிடிப்பில் விழுகிற ஊசியும் பூவும் ஜரிகைத் துணுக்கும் நடைக்குப் பிறகு விழுகின்றன. ஆனால் "கிளியர்" முன்னாடியே சொல்லியாகிவிட்டது. அன்புக்கரசி அதற்காக அவனோடு தினம் மல்லுக்கு நிற்கிறாள்.

ஆனால் அவனைப் பேசவிட்டதும் வில்லன் வேலை செய்யவில்லை.

"மேடம், நீங்க சொல்றது கரெக்ட்" என்றான் சைமன்ராஜ். "படத்துக்கு அப்புறம் இன்னொரு வாட்டி நடங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஷூட்டை நிறுத்தச் சொல்லாதீங்க. ரன்வே சும்மா கிடந்தா புல்லு முளைக்கும். புல்லு முளைச்சா இழுத்து மூடிடுவாங்க. உங்களுக்கு, எனக்கு, நாகம்மாளுக்கு, யாருக்குமே இங்க பர்மனென்ட் கிடையாது. கான்ட்ராக்ட் முடிஞ்சா அவங்கவங்க வூடு."

"அப்ப இந்த டிபன் பாக்ஸ் ஷூட்டிங்காரங்களுதா சார்?"

"வேற யார்து?"

"நேத்து ஷூட்டிங் இல்லியே."

அவன் பாக்ஸைத் தொட்டுப் பார்த்தான். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். நடை முடிந்து வெயில் ஏறியாகிவிட்டது, பாக்ஸில் சூடு அப்படியே இருந்தது.

[எனக்கும் புத்தி போகவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு தனி வரி எழுதினேன்: "சிப்ஸ் கடை வாசலில் பெரிய பலாப்பழம் ஒன்று இருந்தது." உடனே அதை அடித்தேன்.]

மறுநாள் நடையில் நாகம்மாள் கத்தினாள். "யம்மாடி, இத வந்து பாரேன்! மார்கழில ஏதுடி பலாப்பழம்?" ஓடுதளத்தின் மையக் கோட்டின் மேல் அது வெடித்துக் கிடந்தது, பழுத்து, ஈ மொய்க்காமல்.

வெளியே வெயில். நான் எழுந்து வாசல் கதவைத் தாழ் போட்டேன்.

5

அப்போதுதான் உறைத்தது. நான் அடித்த ஆடும் பாக்ஸும் பழமும் ஓடுதளத்துக்கு வந்துவிட்டன என்றால் (ஆ)வில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பொருள் அல்ல.

அன்புக்கரசியின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சாப்பிட உட்காரும்போது கை தானாக இரண்டு தட்டை எடுத்தது. ஒன்றைத் திரும்ப வைத்தாள். கட்டிலில் ஓரமாகப் படுத்தாள், சுவர்ப்பக்கம் காலியாக விட்டு. பின்வாசல் கொடியில் துணி காயப்போடுகிறவளுக்கு ஏன் பாதிக் கொடியை விட்டுவைக்கிறோம் என்று விளங்கவில்லை.

குளித்துவிட்டு கண்ணாடி முன் நின்றபோதுதான் அதைக் கவனித்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. அதில் தாலி.

வேணுவை எடுத்தேன். அவன் கட்டினதை எடுக்க மறந்துவிட்டேன்.

அவள் தாலியைக் கையில் பிடித்துப் பார்த்தாள். பழையது. வியர்வையில் கறுத்து, மஞ்சள் பூசிப் பூசித் தடித்த கயிறு. ஒரு நாளில் வந்ததில்லை. பக்கத்து வீட்டு தேவயானியைக் கூப்பிட்டாள்.

"தேவயானி, எனக்கு எப்ப கல்யாணம் ஆச்சி?"

"ஏன்க்கா, இன்னா கேள்வி இது?" தேவயானி சிரிக்கத் தொடங்கினாள். பிறகு அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "ஆச்சே... நான்கூட வந்தேனே. பந்தி பரிமாறினேன். மாப்பிள்ள..."

"மாப்பிள்ள?"

"பக்கத்துல யார்னா நின்னிருப்பாங்க இல்ல?" என்றாள் தேவயானி மெதுவாக. "எனக்கு ஞாபகமே வரலியேக்கா."

அப்புறம் தேவயானி அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் அன்புக்கரசியின் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை.

6

அடுத்த நடையில் பனி இன்னும் கனமாக இருந்தது. முந்திரித் தோப்புப் பக்கத்து முனையில் ஒரு ஆள் நின்றிருந்தான். பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி, ஒரு கையை லேசாகத் தூக்கி.

"அக்கா, அங்க ஆளு நிக்குது."

நாகம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "எங்க? காத்து எந்தப் பக்கம்னு காட்டற காத்துப்பை தொங்குது, அத சொல்றியா?"

அன்புக்கரசி வரிசையை விட்டுத் தனியே நடந்தாள். கிட்டே போகப் போக அவன் தெளிவாகவில்லை, ஆனால் பெரிதானான். முகம் நீரில் நனைந்த எழுத்து போலிருந்தது. நடுவே நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு கோடு.

"யாருங்க நீங்க? இங்க நிக்கக் கூடாது."

"தெரிலீங்க" என்றான் அவன். குரல் மட்டும் நன்றாக இருந்தது. "டிபன் பாக்ஸ் ஒண்ணு கொண்டாந்தேன். இங்கதான் எங்கியோ உட்டுட்டேன். யாருக்குக் கொண்டாந்தேன்னுதான் நெனப்பு வரல."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரில. வண்டி ஓட்டிக்கினு வந்தேன். முதுவுல யாரோ சாஞ்சிருந்தாங்க. அது மட்டும் இருக்குது. இங்க." தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தொட்டுக் காட்டினான்.

அன்புக்கரசி அவன் கையைப் பிடிக்கப் போனாள். கை அவன் கைக்குள் போய் மறுபக்கம் வந்தது. குளிர்ந்த தண்ணீரில் விட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"வாங்க, வெளில வாங்க" என்றாள்.

"வந்து பாத்தேங்க. அந்த வெள்ளைக் கோட்டுக்குப் போனா காலு தானா திரும்பிக்குது." அவன் சிரிக்கப் பார்த்தான். "இங்க ஏதாச்சும் வருமா? சத்தம் கேட்டா பயமா இருக்குது."

அவள் திரும்பி நடந்து வந்து, நாகம்மாளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "அது எனக்கு யாரோ ஆவணும்க்கா. யாருன்னுதான் தெரில" என்றாள்.

என்னால் இந்த இடத்தில் எழுத முடியவில்லை. விட்டுவிட்டு அரிசி களைந்தேன்.

7

செய்ததைத் திருத்துவது எனக்கென்ன பெரிய வேலையா? எழுதினவள் நான். ஒரு வரி எழுதினால் போகிறது என்று உட்கார்ந்து எழுதினேன்:

[அடித்தது] சாயங்காலம் வேணு வீட்டுக்கு வந்தான்.

வந்தான். அதே உயரம், அதே சட்டை. செருப்பைக் கழற்றினான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். அன்புக்கரசி ஆசையாக ஓடிவந்தவள் நடுவீட்டில் நின்றுவிட்டாள். அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு, "உப்பு சரியாக இருக்கிறது" என்றான். பிறகு நிமிர்ந்து, "உன் பேர் என்ன?" என்று கேட்டான். எங்கள் பக்கத்துப் பேச்சே அவன் வாயில் இல்லை. நான் எழுதுகிற தமிழில் பேசினான்.

"இவரு இல்ல" என்றாள் அன்புக்கரசி. யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். "இவரு இல்லவே இல்ல." வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே அவன் தட்டைக் கழுவாமல் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். பயந்துபோய் அந்த வரியை அடித்துவிட்டேன்.

என்ன முட்டாள்தனம் பண்ணினேன் பாருங்கள். மறுநாள் முந்திரித் தோப்பு முனையில் இரண்டு பேர் நின்றார்கள்.

8

சோதனை விமானம் வரும் நாள்.

[இந்த நாளையே எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அது வரும் என்று மூன்றாம் பகுதியிலேயே எழுதிவிட்டேன், சைமன்ராஜும் எல்லாரையும் அழைத்துவிட்டான்.]

தளத்தின் முன்புறம் பந்தல் போட்டிருந்தது. சிப்ஸ் கடையில் எண்ணெய் காய்ந்தது. முந்திரிக் கடைக்காரர் தட்டில் குவித்து வைத்து எல்லாருக்கும் கொடுத்தார். காலை வெளிச்சத்தில் ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துப் போயிற்று. மேலிடத்திலிருந்து வந்தவர் சைமன்ராஜை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னது அன்புக்கரசி காதிலும் விழுந்தது. இன்று இறங்காமல் திரும்பினால் இந்தத் தளத்துக்கு இனி விமானம் இல்லை. பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

படப்பிடிப்புக்குப் பிறகு அவள் பிடிவாதமாக இன்னொரு நடை நடந்தாள். நாகம்மாளும் கூட வந்தாள். ஊசி இல்லை, பூ இல்லை, ஆடுகூட எங்கேயோ பனிக்குள் இருந்தது. எல்லாம் சுத்தம். அந்த முனையில் மட்டும் இரண்டு உருவம்.

பனிக்கு மேலே சத்தம் கேட்டது. விமானம் ஒரு சுற்று வந்தது. வாக்கியில் கேட்டார்கள்: ஓடுதளம் கிளியரா?

சைமன்ராஜ் அவள் பக்கத்தில் வந்து நின்றான். தூரக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தான். "யாரும் இல்ல மேடம். சத்தியமா யாரும் இல்ல."

"எனக்கு இருக்குது சார்."

"உங்களுக்கு ரெண்டு மூணு வாரமா மனசு சரியில்ல. எனக்குத் தெரியும். நான் குத்தம் சொல்லல." அவன் கையை நீட்டிக் காட்டினான். "நாகம்மாளைப் பாருங்க. அந்தம்மாவுக்கு வேற எங்க வேலை குடுப்பாங்க?"

நாகம்மாள் அன்புக்கரசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரில அன்பு" என்றாள். "ஆனா நீ அன்னிக்கு உப்புக்கு அழுதத நான் பாத்தேன். உனக்கு இன்னா தோணுதோ அத சொல்லு. என் பொழப்பப் பாக்காத."

விமானம் இரண்டாம் சுற்றுக்குத் திரும்பியது. அந்த முனையில் முதலாமவன் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, தோளுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டிருந்தான், முதுகில் சாய்ந்திருப்பவளை விழாமல் பிடித்துக்கொள்கிற மாதிரி.

"கிளியர்" என்றால் விமானம் இறங்கும். ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஒருவனை இன்னொரு தடவை எடுத்தால் அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியாது. ஓடுதளத்துக்குக் கீழே நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. "இல்லை" என்றால் தளம் மூடும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள், பூட்டிய வேலிக்குள் அவன் புல் முளைக்கிறவரை நிற்பான். பார்க்கக்கூட அவளால் வரமுடியாது.

விமானத்தையே அடித்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அடித்தது எல்லாம் எங்கே வந்து விழுகிறதென்று பார்த்தீர்கள் அல்லவா?

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் வாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறாள், விமானம் இறங்குகிறது, அவளும் அவனும்

வேண்டாம்.

இன்னொன்றில் பனி விலகுகிறது, அங்கே இரண்டு காற்றுப்பைக் கம்பங்கள்தான், எல்லாம் அவள் மனப்பிரமை. இப்படி முடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. தாலியை யார் கட்டினார்கள் என்று அவர்கள் சொல்லட்டும்.

சரியான வழி ஒன்று இருக்கிறது. அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தவறிக் கோடு இழுத்து அடித்துவிட்ட வரியைத் திரும்ப எழுதக் கூடாது. திரும்ப எழுதினால் அது வேறு வரி. ஏழாம் பகுதியில் வந்தவன் அப்படி வந்தவன்தான். அடித்த வரியின் கீழே புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். "அப்படியே இருக்கட்டும்" என்று பொருள். கோடு செல்லாது. (ஆ) எழுந்து நிற்கும். வேணு சாதத்தைக் கிளறுவான், உப்பு கரிக்கும், முந்திரித் தோப்பு வழியாக வண்டி போகும், கேட்டில் "பாத்து இரு" என்பான். அன்புக்கரசிக்குத் தன் கழுத்தில் கிடப்பது யாருடையது என்று தெரியும்.

ஏன் வைக்கவில்லை என்கிறீர்களா? எனக்குப் பயமாக இருக்கிறது. (ஆ) நின்றால் (இ) அடிபடும். ஒரு கதைக்கு ஓர் ஆரம்பம்தான். (இ)யோடு அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அடிபடும். பந்தல், சோதனை விமானம், எண்ணெய் காய்கிற சிப்ஸ் கடை எல்லாம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிற நானும் அதில்தான் இருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வருவார். அலமாரியில் இரண்டு தட்டை எடுப்பார். ஒன்றைத் திரும்ப வைப்பார். சாப்பாட்டு மேசையில் இந்தத் தாள்கள் ஏன் கிடக்கின்றன என்று அவருக்கு விளங்காது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டு மூன்று தடவை கீழே வைத்தேன். ஒரு புள்ளி, அதைக்கூட வைக்க முடியவில்லை. அவளுடைய புருஷன் மேல் கோடு இழுத்தபோது இந்தக் கைதான் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை.

விமானம் தாழ்ந்துவிட்டது. சைமன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுகிறான். அன்புக்கரசி வாக்கியை வாயருகே கொண்டுபோய்ப் பட்டனை அழுத்துகிறாள். "கிளியர்" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. அந்த நாள் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு மண்டியிட்டு என் காலைச் சுற்றிப் பார்த்தாளே, அதே பார்வையோடு நேராக இந்தப் பக்கம் பார்த்துக் கேட்கிறாள்:

"நீங்க ஏதாச்சும் போட்டுட்டீங்களாம்மா?"

ஆமாம் தாயி. போட்டுட்டேன். உன் வூட்டுக்காரரத்தான்.

இதைப் படிக்கிற உங்களுக்குப் புள்ளி வைக்கப் பேனாகூட வேண்டாம். இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய், (ஆ) என்று போட்டிருக்கும் அந்தச் சின்னப் பகுதியை, தலைப்பில் "அடித்தது" என்று நான் போட்டதைப் பார்க்காமல், வாய்விட்டு ஒருதரம் படித்தால் போதும். படித்ததும் இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வராதீர்கள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், ஓடுதளத்தில் ஆடு இருக்கிறது, பலாப்பழம் இருக்கிறது. என் பேர் கேட்கிற ஒருத்தனும் இருப்பான்.

படிக்காமல் விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியானால் அவள் பட்டனை அழுத்தியபடியே நிற்பாள்.

சத்தம் கிட்டே வந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கே கேட்கிறது.